உடப்புசல்லாவையிலிருந்து ஒஸ்லோ வரை: எத்தனை வழிகள்?

உலகப் படத்தை விரித்து வைத்து, உடப்புசல்லாவையில் ஒரு விரலையும் நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் மற்றொரு விரலையும் வைத்துப் பாருங்கள். கொழும்பிலிருந்து அளந்தால் வான்வழியில் சுமார் 8,000 கிலோமீற்றர். உயர்தரம் முடித்த மாணவிகள் பலர் இன்று உயர்கல்வி பற்றிப் பேசும்போது நோர்வே, சுவீடன், டென்மார்க் ஆகிய ஸ்கண்டிநேவிய நாடுகளின் பெயர்களையும் சொல்கிறார்கள். பெற்றோரோ, “அவ்வளவு தூரத்துக்குப் பிள்ளை எப்படிப் போகும்? எந்த வழியால் போகும்?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வீட்டு வாசலில் தொடங்கி ஒஸ்லோ மத்திய நிலையம் வரைக்கும் படிப்படியாக விடை சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வடதிசைப் பயணம் புதியதன்று

தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வடக்கே போகும் பாதைகள் மிகப் பழையவை. கி.பி. 921இல் பக்தாதிலிருந்து கலீபாவின் தூதுக்குழுவோடு புறப்பட்ட இப்னு பழ்லான், மறு ஆண்டு வொல்கா நதிக்கரையை அடைந்தார். அங்கே வடநாட்டு வணிகர்களான “ரூஸ்” மக்களைக் கண்டு அவர்களது வாழ்க்கையை விரிவாக எழுதி வைத்தார். கோடைக்கால இரவு எவ்வளவு குறுகியது என்பதையும் அவர் வியந்து குறிப்பிட்டுள்ளார். மஃரிப் வேளையில் அடுப்பில் வைத்த பானை வேகுமுன் சுபஹ் வந்துவிடும் என்று அங்குள்ளவர்கள் அவரிடம் கூறினார்களாம். சுவீடனின் கொட்லாந்துத் தீவில் மண்ணுக்குள்ளிருந்து பல்லாயிரக்கணக்கான அரபு வெள்ளி திர்ஹம்கள் கிடைத்திருக்கின்றன. 1154இல் அல்-இத்ரீஸி சிசிலியில் இருந்துகொண்டு வரைந்த உலகப் படத்திலும் நோர்வே இடம்பெற்றது.

நமது மலைக்கும் ஒரு பயண வரலாறு உண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை ஊடாக ராகலைக்கு இரண்டரை அடி அகலமுள்ள சிறிய தண்டவாளத்தில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1903இல் நுவரெலியா வரையும் 1904இல் ராகலை வரையும் அது திறக்கப்பட்டது. அதற்கு “உடப்புசல்லாவை ரயில்பாதை” என்றே பெயர். ஆனால் ரயில் உடப்புசல்லாவைக்கு ஒருபோதும் வந்து சேரவில்லை, ராகலையோடு நின்றுவிட்டது. தேயிலைப் பெட்டிகள் கீழே போயின, அரிசியும் உரமும் மேலே வந்தன. மோட்டார் வாகனங்களின் போட்டியைத் தாங்க முடியாமல் 1940களில் அந்தப் பாதை மூடப்பட்டது. நமது தோட்டங்களின் தேயிலை கொழும்புத் துறைமுகத்தில் கப்பலேறி, 1869இல் திறக்கப்பட்ட சுயெஸ் கால்வாய் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. ஆக, நம்மூர்க் கொழுந்து நமக்கு முன்னரே அந்தப் பக்கம் போய்வரத் தொடங்கிவிட்டது.

முதலாவது கட்டம்: கையில் இருக்கவேண்டிய தாள்கள்

பஸ்ஸும் விமானமும் பிறகுதான். பயணத்தின் முதல் வாகனம் கடவுச்சீட்டு. மலையகத்தில் இது சாதாரண விடயமன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டங்களில் உழைத்த இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளித் தமிழரை நாடற்றவர்களாக்கியது. நாடில்லாதவருக்குக் கடவுச்சீட்டு ஏது? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஒரு பகுதியினர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியிருந்தோரின் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே தீர்க்கப்பட்டது. இன்று நம்மோடு ஒரே வகுப்பில் படிக்கும் தோழிகள் பலரின் பாட்டன், பாட்டிமாருக்குக் கடவுச்சீட்டு கனவாகவே இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

இன்றைய சிக்கல் வேறு வகையானது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் மூன்றாவது விதம் என்று இருக்கும். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் பின்னாலும் வரும். சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும்போது ஓர் எழுத்து கூடலாம், குறையலாம். உள்ளூரில் இவை பெரிதாகத் தெரிவதில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் வீசா அலுவலகமும் ஒவ்வோர் எழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஆகவே தரம் 10, 11 படிக்கும்போதே எல்லாத் தாள்களையும் மேசையில் பரப்பி ஒப்பிட்டுப் பாருங்கள். பிழையிருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்திக்கொள்ளுங்கள். திருத்தம் மாதக்கணக்கில் இழுபடலாம். பல்கலைக்கழகத்தின் இறுதித் திகதி நமக்காகக் காத்திருக்காது.

கடவுச்சீட்டுக்கு பத்தரமுல்லையிலுள்ள தலைமை அலுவலகத்துக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் கண்டியிலும் உண்டு.

இரண்டாவது கட்டம்: வீசா

நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் அங்கம் வகிக்கவில்லை. எனினும் ஷெங்கன் என்னும் பொது எல்லைக் கூட்டில் 2001 முதல் சேர்ந்திருக்கிறது. டென்மார்க்கும் சுவீடனும் அவ்வாறே. இதனால் ஒரு ஷெங்கன் வீசா இருந்தால் இம்மூன்று நாடுகளுக்கிடையிலும் போய்வரலாம். குறுகிய கால வீசாவில் எந்த 180 நாட்களுக்குள்ளும் 90 நாட்கள் மட்டுமே தங்கலாம். கடவுச்சீட்டு கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், திரும்பும் நாளிலிருந்து குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாகக்கூடியதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களைக் கொண்டதாகவும் இருக்கவேண்டும். குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதியும் தேவை.

படிக்கப் போகிறவருக்கு இந்தச் சுற்றுலா வீசா உதவாது. முதலில் பல்கலைக்கழக அனுமதி, பின்னர் மாணவர் வதிவிட அனுமதி என்ற ஒழுங்கில் செல்லவேண்டும். நோர்வேயின் கொழும்புத் தூதரகம் 2023இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது புது டில்லியிலுள்ள தூதரகமே இலங்கை அலுவல்களைக் கவனிக்கிறது. அனுமதி பற்றிய விதிகளை யூ.டி.ஐ. எனப்படும் நோர்வே குடிவரவுப் பணிப்பகத்தின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் நேரடியாக வாசிக்கலாம்.

மூன்றாவது கட்டம்: மலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு

இங்கிருந்து விமான நிலையத்துக்குப் பொதுவாக இரண்டு பாதைகள் உள்ளன.

முதலாவது, ராகலை, கந்தப்பளை ஊடாக நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் சென்று, அங்கிருந்து நானுஓயா நிலையத்தில் ரயிலேறிக் கொழும்புக் கோட்டைக்குப் போவது. நானுஓயாவிலிருந்து ஆறேழு மணித்தியாலம் எடுக்கும். பெட்டிகள் அதிகமென்றால் முன்கூட்டியே ஆசனம் ஒதுக்கிக்கொள்வது நல்லது. கோட்டையிலிருந்து 187ஆம் இலக்க பஸ் கட்டுநாயக்கவுக்குச் செல்கிறது. 2013இல் திறந்த அதிவேகப் பாதையால் இந்தப் பகுதி மிகச் சுருங்கிவிட்டது.

இரண்டாவது, ராகலையிலிருந்து வலப்பனை, ரிகில்லகஸ்கட, ஹங்குரன்கெத்த வழியாகக் கண்டிக்கு இறங்கி, அங்கிருந்து நீர்கொழும்பு, கட்டுநாயக்க பக்கமாகப் போவது. இப்படிப் போனால் கொழும்பு நகரின் நெரிசல் இல்லை.

மழைக்காலத்தில் மலையில் எந்த வீதியும் மண்சரிவால் அடைபடலாம். ரயில் பாதையும் அப்படித்தான். ஆகவே விமானம் புறப்படும் நாளன்று காலையில் மலையிலிருந்து இறங்குவது விவேகமன்று. முதல் நாளே இறங்கி, நீர்கொழும்பிலோ கொழும்பிலோ உறவினர் வீட்டில் தங்கிவிடுங்கள். நாலைந்து குடும்பத்தார் வேன் பிடித்து வழியனுப்பப் போவது நம் வழக்கம். அந்த வேனும் முதல் நாளே புறப்படட்டும்.

நான்காவது கட்டம்: வானில்

கொழும்பிலிருந்து ஒஸ்லோவுக்கு நேரடி விமானம் இல்லை. ஓரிடத்தில் இறங்கி மாறவேண்டும். வழமையான மூன்று வழிகள் இவை:

தோஹா வழி: கொழும்பிலிருந்து தோஹாவுக்கு ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம், அங்கிருந்து ஒஸ்லோவுக்கு ஏறக்குறைய ஏழு.

துபாய் வழி: நேரக் கணக்கு ஏறத்தாழ இதேதான்.

இஸ்தான்புல் வழி: முதற்பகுதி நீளமானது, எட்டு ஒன்பது மணித்தியாலம் வரும், இரண்டாம் பகுதி நாலு மணித்தியாலம்.

மூன்றிலும் இடைத்தங்கல் நேரத்தையும் சேர்த்தால் ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும். இந்த மூன்று வழிகளிலும் நீங்கள் ஷெங்கன் எல்லைக்குள் முதன்முதலாக நுழைவது ஒஸ்லோவிலேயே. ஆகவே கடவுச்சீட்டுப் பரிசோதனை, கைவிரல் அடையாளம், கேள்விகள் யாவும் ஒஸ்லோவில் நடக்கும். மாறாக, ஜேர்மனியிலோ சுவிற்சர்லாந்திலோ மாறினால் அந்தப் பரிசோதனை அங்கேயே முடிந்துவிடும். பிறகு ஒஸ்லோவில் உள்நாட்டுப் பயணிபோல் வெளியே வரலாம். அப்படியானால் இடையில் இரண்டு மூன்று மணித்தியாலமாவது இருக்கும்படி விமானத்தைத் தெரிவுசெய்யவேண்டும். குடிவரவு வரிசை நீளமாக இருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறாமல் விமானம் மாறுவதற்குக்கூட இலங்கையருக்கு ஷெங்கன் நாடுகளில் இடைத்தங்கல் வீசா தேவை. செல்லுபடியாகும் ஷெங்கன் வீசாவோ வதிவிட அனுமதியோ உள்ளவருக்கு இது பொருந்தாது. இலண்டன் வழியாகச் செல்வதாயின் பிரித்தானியாவின் இடைத்தங்கல் விதியைத் தனியாகப் பார்க்கவேண்டும்.

விலை குறைவென்று இரண்டு விமான நிறுவனங்களில் இரண்டு தனித்தனிச் சீட்டு எடுப்போர் உண்டு. முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறிவிட்டால் அந்த நட்டம் பயணியின் தலையில்தான் விழும். பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி கொடுக்கவேண்டி வரலாம். அதற்கு அந்நாட்டு வீசாவும் கேட்பார்கள். ஒரே சீட்டில் இரண்டு பகுதிகளும் இருந்தால், தவறிய விமானத்துக்குப் பதில் வேறொன்றில் அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் நேரே ஒஸ்லோவில் கிடைக்கும். தனியாகப் போகும் பிள்ளைக்கு ஒரே சீட்டுத்தான் பாதுகாப்பு.

வளைகுடா விமானங்களில் உணவு ஹலாலானது. வேறு நிறுவனங்களில் “முஸ்லிம் உணவு” என்று சீட்டு எடுக்கும்போதே சொல்லிவைக்கவேண்டும். விமானத்தில் ஏறிய பின் கேட்டால் கிடைக்காது. உம்மா ஆசையோடு பொதிசெய்யும் இறைச்சி வகைகளையும் பால் பண்டங்களையும் நோர்வேக்குள் கொண்டுசெல்ல அனுமதியில்லை. தேயிலைக்குத் தடையில்லை; நம்மூர்த் தேயிலை இரண்டு பைக்கற் தாராளமாகப் போகலாம்.

ஐந்தாவது கட்டம்: விமான நிலையத்திலிருந்து நகருக்கு

ஒஸ்லோவின் பிரதான விமான நிலையத்தின் பெயர் கார்டர்மோன். 1998 ஒக்டோபரில் திறக்கப்பட்ட இது நகருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நான்கு வழிகள் உள்ளன.

“புளூதோகெத்” என்னும் விமான நிலைய விரைவு ரயில் மணிக்கு 210 கிலோமீற்றர் வரை ஓடும். இருபது நிமிடமளவில் ஒஸ்லோ மத்திய நிலையத்தில் விடும்.

“வீ” நிறுவனத்தின் சாதாரண ரயில் அதே தண்டவாளத்தில் ஓடுகிறது. சில நிமிடமே கூடுதல். கட்டணமோ விரைவு ரயிலின் ஏறக்குறையப் பாதிதான். முதன்முறை வருவோர் பலர் பளபளக்கும் விரைவு ரயில் இயந்திரத்தைக் கண்டு அதிலேயே சீட்டு எடுத்துவிடுகிறார்கள். மாணவிக்கு ஏற்றது சாதாரண ரயிலே.

விமான நிலைய பஸ் முக்கால் மணித்தியாலமளவில் போய்ச் சேரும். நகரில் பல இடங்களில் நிற்பதால் தங்குமிடம் அப்பாதையில் இருந்தால் வசதி.

ராக்சி மிகவும் விலை கூடியது. இரவில் தனியாக இறங்கினாலொழிய அதை நினைக்கத் தேவையில்லை.

“ஒஸ்லோ தோர்ப்” என்ற பெயரில் இன்னொரு விமான நிலையமும் உண்டு. பெயரில் ஒஸ்லோ இருந்தாலும் அது நகருக்குத் தெற்கே நூறு கிலோமீற்றருக்கும் அப்பால், சாந்தெபியோர்ட் என்ற ஊரருகே உள்ளது. ஐரோப்பாவுக்குள் ஓடும் மலிவு விமானங்கள் சில அங்கேதான் இறங்கும். சீட்டு மலிவென்று எடுத்துவிட்டு, நகருக்கு வர இரண்டு மணித்தியாலமும் மேலதிக பஸ் காசும் செலவிடவேண்டியிருக்கும். சுவீடனில் “ஸ்டொக்ஹோம் ஸ்கவ்ஸ்தா” என்பதும் இதேபோல நூறு கிலோமீற்றர் தள்ளியிருப்பது. ஊர்ப்பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் விமான நிலையத்தின் பெயரையும் வாசிக்கவேண்டும்.

நகருக்குள் சுரங்க ரயில், டிராம், பஸ், கடற்குடாவில் ஓடும் சிறு படகு அனைத்துக்கும் ஒரே சீட்டுச் செல்லும். ஏறுமிடத்தில் தடுப்புக் கதவோ நடத்துநரோ இல்லை. சீட்டில்லாமல் ஏறிவிடலாம் என்று எண்ணவேண்டாம்; திடீரெனப் பரிசோதகர் வருவார், அபராதம் பெரியது.

தரையாலும் கடலாலும் வரலாமா?

கொப்பன்ஹேகனுக்கோ ஸ்டொக்ஹோமுக்கோ விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்தால் அங்கிறங்கி ஒஸ்லோவுக்கு வரலாம். ஸ்டொக்ஹோமிலிருந்து ரயிலில் ஐந்தாறு மணித்தியாலம். கொப்பன்ஹேகனிலிருந்து 2000ஆம் ஆண்டு ஜூலையில் திறந்த ஒரெசுந்த் பாலத்தைக் கடந்து சுவீடனுக்குள் வந்து, கோத்தன்பேர்க் ஊடாக ரயிலிலோ பஸ்ஸிலோ ஒரு பகல் பயணம். கொப்பன்ஹேகனிலிருந்தும் ஜேர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்தும் இரவுக் கப்பல்கள் ஒஸ்லோவுக்கு வருகின்றன. பிற்பகலில் ஏறினால் மறுநாள் காலையில் நீண்ட கடற்குடா வழியே நகரின் நடுவே கொண்டுவந்து இறக்கும்.

இங்கே நம் மாணவிகள் மகிழக்கூடிய ஒரு செய்தி. 1909இல் திறந்த ஒஸ்லோ–பேர்கன் மலை ரயில்பாதையை உலகம் புகழ்கிறது. அதன் மிக உயர்ந்த நிலையமான பின்ஸே கடல் மட்டத்திலிருந்து 1,222 மீற்றர், அதாவது சுமார் 4,000 அடி உயரத்தில் உள்ளது. நமது பட்டிப்பொலை நிலையமோ 6,200 அடிக்கும் மேலே இருக்கிறது! பனியும் குளிரும் அங்கே அதிகம், உயரம் நமக்குத்தான்.

நேரமும் காலநிலையும்

ஒஸ்லோ நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் நான்கரை மணித்தியாலமும் பின்னால் இருக்கும். வீட்டுக்கு எப்போது அழைப்பது என்பதை இரு தரப்பும் முன்கூட்டியே பேசிவைக்கலாம். டிசம்பரில் பகல் ஆறு மணித்தியாலமே. ளுஹர், அஸர், மஃரிப் மூன்றும் அடுத்தடுத்து வந்துவிடும். ஜூனில் பகல் பத்தொன்பது மணித்தியாலமளவு நீளும். இப்னு பழ்லான் கேட்ட பானைக் கதை அப்போது விளங்கும். ஒஸ்லோவில் பள்ளிவாசல்கள் பல உள்ளன; அவை வெளியிடும் நேர அட்டவணையைப் பின்பற்றலாம். நுவரெலியாக் குளிருக்குப் பழகிய நமக்கு ஸ்வெற்றர் புதிதல்ல. ஆனால் அங்கே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே போகும். தடித்த காலணியும் மேலங்கியும் இல்லாமல் குளிர்காலத்தில் இறங்கக் கூடாது.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள்

“நோர்வேயில் படிப்பு இலவசம்” என்ற பேச்சு இன்னும் உலாவுகிறது. அது பழைய கதை. டென்மார்க் 2006இலும் சுவீடன் 2011இலும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் கட்டணம் அறவிடத் தொடங்கின. நோர்வேயும் 2023 இலையுதிர் காலம் முதல் அவ்வாறே செய்கிறது. படிக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம். அதைக்கொண்டு முழுச் செலவையும் ஈடுசெய்யலாம் என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். புலமைப்பரிசில் கிடைத்தால் போவது, அல்லது இலங்கையில் பட்டம் பெற்றுவிட்டு ஆய்வுப் படிப்புக்குப் போவது நல்ல வழி. நோர்வேயில் கலாநிதிப் பட்ட ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் பெறும் ஊழியராகவே சேர்த்துக்கொள்ளப்படுகிறார்.

“எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், காணியை ஈடுவைத்துப் பணத்தை மட்டும் தாருங்கள்” என்று சொல்பவரிடம் மிக எச்சரிக்கையாயிருங்கள். வீசாவைப் பணம் கொடுத்து உறுதிப்படுத்த எந்த முகவராலும் முடியாது. “முதலில் வேறொரு நாட்டுக்குப் போவோம், அங்கிருந்து எப்படியும் கடத்திவிடுவோம்” என்ற பேச்சு வந்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். இக்கட்டுரையில் சொன்ன வழிகளில் அப்படியொரு வழி இல்லை. பெண்பிள்ளையின் கடவுச்சீட்டு அவளது கையிலேயே இருக்கட்டும். அதன் பிரதி வீட்டில் இருக்கட்டும். பகலில் போய்ச் சேரும் விமானத்தைத் தெரிவுசெய்யுங்கள். தங்குமிட முகவரியை நோர்வேஜிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுங்கள். கைத்தொலைபேசி அணைந்தாலும் தாள் அணையாது.

முன்னே போனவர்கள்

யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேயை அடைந்தார். அங்கு மீன்பிடித் தொழிலைக் கற்று, 1967இல் “சீநோர்” என்ற நிறுவனத்தை ஆரம்பித்து ஊருக்கே தொழில் கொண்டுவந்தார். அவருக்குப் பின் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நோர்வேயின் மக்கள் உயர்கல்லூரிகளுக்கு மாணவராகவும், பின்னர் போரினால் அகதிகளாகவும் பலர் சென்றனர். இன்று இலங்கைத் தமிழ்ப் பின்புலமுள்ளோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்கிறார்கள். மூன்று வயதில் பெற்றோருடன் அங்கே சென்ற ஹம்சாயினி குணரத்தினம் 2015இல் ஒஸ்லோவின் பிரதி மேயராகி, 2021இல் நோர்வே நாடாளுமன்ற உறுப்பினராகவும் தெரிவானார்.

நமது மலைக்கு வந்தவர்களும் பெரும் பயணம் செய்தவர்களே. தமிழகக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் தாளும் இல்லை, வழிகாட்டும் இல்லை. கங்காணியின் வார்த்தை மட்டுமே இருந்தது. அந்த வார்த்தையை நம்பிப் புறப்பட்டு வழியிலேயே மாண்டவர் பலர். இன்று நமக்குப் பாடசாலை இருக்கிறது, வாசிக்கக் கண் இருக்கிறது, கேட்க ஆசிரியைகள் இருக்கிறார்கள். ஆகவே மாணவிகளே, பிறர் சொல்லைக் கேட்டுப் புறப்படாமல், விதியையும் கட்டணத்தையும் பாதையையும் நீங்களே வாசித்து, பெற்றோருக்கும் விளக்கிச் சொல்லி, பிறகு பெட்டியைக் கட்டுங்கள். ராகலையில் நின்றுபோன ரயிலுக்கு அப்பாலும் பாதை இருக்கிறது.